வா நைனா, குந்து

என் பெயர் சேட்டு. பெயரைக் கேட்டதும் வட்டிக்கடையா என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லை. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்து ஓரம் பிறந்த அசல் மெட்ராஸ்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இன்றைக்குத் திருவான்மியூரில் 'சேட்டு ஷாமியானா' என்றால் மயிலாப்பூர் வரைக்கும் தெரியும். மாட வீதியில் கல்யாணம் என்றால், "அந்த சேட்டுவைக் கூப்பிடுங்கோ, அவன் போட்ட பந்தல் எந்தக் காத்துக்கும் அசையாது" என்று ஐயர் வீட்டு மாமிகளே சொல்வார்கள். எனக்கு ஒருத்தரும் ஒரு கழியை எடுத்துக் கொடுக்கவில்லை. நானே தூக்கினேன், நானே நட்டேன்.

ஆனால் இது என்னைப் பற்றியது இல்லை. என் தங்கை தேவானையைப் பற்றியது. பெசன்ட் நகர் கடற்கரையில் பஜ்ஜிக் கடை போட்டிருப்பவள். செய்தித்தாளில் அவளைப் பற்றி வந்தது ஒரே ஒரு வரி: 'கொலையுண்ட பெண்ணின் தாய்.' பெரிய மனிதர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவளைப் பற்றி எழுத நான் இருக்கிறேன்.

தேவானை கைக்குழந்தையாக இருக்கும்போதே எங்கள் அப்பா போய்விட்டார். தூக்கி வளர்த்தவன் நான். கூவம் பொங்கினால் முதலில் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவேன், அப்புறம்தான் அடுப்பு. நடக்கிறதுக்கு முன்னால் பேசினவள். தெருவில் போகிற ஆளை நிறுத்தி ஊர், பேர், பிள்ளைகுட்டி எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் அனுப்புவாள். பிரபுவை அவளுக்குக் கட்டிவைத்தவனும் நான்தான். என் லோடு வண்டியை ஓட்டுகிறவன். பேச்சு குறைவு, கோபம் அதிகம், கை சுத்தம். எங்கள் குடிசைகளை எடுத்துவிட்டு அவர்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்டபோது, மற்றப் பெண்கள் அழுதார்கள். இவள், "இன்னாண்ணா இது, மாடியாண்ட இருந்து கீழ எறங்கறதுக்குள்ள தின்னதெல்லாம் செரிச்சிப் பூடுது" என்று சிரித்தாள். மறு வாரமே பஸ் மாறிப் பஸ் ஏறி, பெசன்ட் நகர் மணலில் எண்ணெய்ச்சட்டியை வைத்துவிட்டாள். அந்தத் துணிச்சல் எங்கள் இரத்தம்.

அவளுக்கு ஒரே மகள், தமிழ்மொழி. பட்டம் வாங்கி, அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் உட்கார்ந்தாள். அங்கே எக்ஸ்ரே எடுக்கிற பையன் ரொனால்ட். பெசன்ட் நகர் மாதா கோவிலுக்குப் பின்தெருவில் வீடு. அப்பா இல்லை. அம்மா ஐவி டீச்சர், ஓய்வு பெற்றவர். தலைமுறை தலைமுறையாக வேதக்காரர்கள், வாத்தியார் குடும்பம். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. கோவிலில் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். பந்தல் என்னுடையது, அதைக் கேட்காதீர்கள், வெள்ளைத் துணியில் தேவலோகம் மாதிரி போட்டேன்.

பிரபு மட்டும் வரவில்லை. வரவில்லை என்றால்கூடப் பரவாயில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஐவி டீச்சர் வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினான். "என்ன கேக்காம கட்டிக்கப் போறியா? இனிமே என் மூஞ்சில முழிச்சே, ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டுருவேன்!" எங்கள் பக்கத்தில் வெட்டுவேன், குத்துவேன் என்பதெல்லாம் மூக்குச் சிந்துகிற மாதிரி. சிந்தினால் சரியாகிவிடும். டீச்சர் தெருவில் அது அப்படி இல்லை. ஜன்னலுக்கு ஜன்னல் தலை தெரிந்தது.

அதன் பிறகு ஒரு வருஷம் அப்பனும் மகளும் பேசவில்லை. அம்மாவும் மகளும் பேசாத நாள் இல்லை.

ஒரு நாள் தமிழ்மொழி என் கடைக்கு வந்து, "மாமா, நானும் ரொனால்டும் காம்பிங் போறோம், ஆந்திரா பார்டர் தாண்டி மலையாண்ட. நல்ல கயிறா ரெண்டு குடு" என்றாள்.

"காம்பிங்னா?"

"டென்ட் போட்டு படுக்கறது மாமா."

"அட, அதுக்கு எதுக்கு ஆந்திரா? நானும் உங்கம்மாவும் சின்ன வயசு பூரா அப்பிடித்தானே படுத்துக்கினு கெடந்தோம்!"

"அது கூவம் மாமா. இது காம்பிங்."

நானும் சிரித்தேன், அவளும் சிரித்தாள். கயிறும் கொடுத்தேன். இருப்பதிலேயே நல்ல கயிறு.

அந்த மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஏரி இருக்கிறது. காலையில் ஆடு மேய்க்க வந்தவர்தான் முதலில் பார்த்தாராம். இரண்டு பேரும் கூடாரத்துக்கு வெளியே கிடந்தார்கள். எப்படி என்று நான் எழுத மாட்டேன். பார்த்தவன் நான்; அது என்னோடு இருக்கட்டும். தாலிச்செயின் கழுத்தில் இருந்தது, பர்ஸ் பையில் இருந்தது, பைக் நின்ற இடத்தில் நின்றது. திருட வந்தவன் இல்லை என்று போலீஸ் சொன்னது. அப்படியென்றால் பகை. பகை என்றால் யார்?

அங்கேதான் என் தங்கையின் தலையில் இரண்டாவது இடி விழுந்தது.

முந்தின சாயங்காலம் தமிழ்மொழி அம்மாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், மனப்பாடம். "அம்மோவ், இங்க டவரு வந்து வந்து போவுது. குளுருன்னா அப்பிடி ஒரு குளுரு. உன் மருமவன் அடுப்பு பத்த வெக்கிறேன்னுட்டு பொகைய கெளப்பிக்கினு கீறான்." அதற்கு நடுவில் காலடிச் சத்தம் மாதிரி ஏதோ. பிறகு போனை விட்டுத் தள்ளி, குரல் தூக்கி, சிரித்த மாதிரி: "வா நைனா, குந்து. டீத்தண்ணி தர்றேன்." அப்புறம் போன் பக்கம் வந்து, "அம்மா, அப்பால பேசறேன்." அவ்வளவுதான்.

அந்த ஊர் எஸ்.ஐ. பெயர் சுஹாஸ். வயசு சின்னது, தெலுங்குக்காரர். எங்களை ஸ்டேஷனுக்கு வரவழைத்து மேஜை மேல் போனை வைத்து அந்த மெசேஜைப் போட்டார். தேவானை, பிரபு, நான் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

"நாயனா அண்டே அப்பா. மா தெலுங்குல அதே, மீ மெட்ராஸ்ல அதே. அவுனா காதா?" என்றார்.

இல்லை என்று எப்படிச் சொல்வது? நானே என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான்.

"என் பொண்ணு அவர அப்பான்னுதான் சார் கூப்புடும்" என்றாள் தேவானை.

"நூவு பெண்டாட்டி. அலாகே, அப்பிடித்தான் சொல்லுவ." சுஹாஸ் பிரபு பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நீ எக்கட?"

அன்றைக்குப் பிரபு என் வண்டியில் நாற்காலி ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தான். அனுப்பினவன் நான். இறக்கிவிட்டு, வண்டியிலேயே படுத்துத் தூங்கி, விடிந்துதான் வந்தான். கும்மிடிப்பூண்டியிலிருந்து எல்லை கூப்பிடு தூரம். தூங்கினதற்கு யார் சாட்சி? இதை நான் எடுத்துச் சொன்னேன். "என் பேருக்கு மெட்ராஸ்ல ஒரு மரியாத கீது சார், விசாரிச்சிப் பாருங்க" என்றும் சொன்னேன். மைத்துனன் சாட்சி செல்லாது என்று சிரித்தார்.

பிறகு அவர் பிரபுவிடம் கேட்டார். "செப்பு. உன் பொண்ணு கூப்புடுது. வா நாயனா, குந்து. நின்னே, உன்னத்தானே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை. போனையே பார்த்துக்கொண்டு நின்றான். சுஹாஸ் அவன் முகத்தைப் பார்த்தார், ஏட்டுவைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். அந்த ஆட்டம் எனக்குப் புரிந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "யோவ் மாப்ள, இன்னாத்துக்குய்யா ஊமையாட்டம் நின்னே? இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"வரல மச்சான்" என்றான். "ஒரு வருசம் கழிச்சி அந்தக் கொரல கேட்டேன். வா, குந்துன்னுச்சி. அத்த நான் இல்லன்னு எப்பிடிச் சொல்றது?"

ஐவி டீச்சரும் எழுதிக் கொடுத்திருந்தார். பிரபு வாசலில் நின்று வெட்டுவேன் என்று சொன்னது, அந்த ஜனங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது, மருமகள் எந்நேரமும் அப்பா வருவார் என்று ஏங்கிக்கொண்டிருந்தது எல்லாம் அதில் இருந்தது. பெற்ற மகனைப் பறிகொடுத்த தாயின் வாக்குமூலம். அடுத்த தடவை மெட்ராஸுக்கு வரும்போது பிரபுவைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன் என்று சுஹாஸ் சொல்லிவிட்டார். கூட்டிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்பது எங்கள் ஜனங்களுக்குத் தெரியும். போனவன் போன மாதிரி திரும்புவதில்லை.

மகள் போய்விட்டாள். புருஷனாவது நிற்க வேண்டும். தேவானைக்கு அப்போது அது ஒன்றுதான்.

என்னைக் கூட்டிக்கொண்டு ஐவி டீச்சர் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே ரொனால்டும் தமிழ்மொழியும் மாலைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் உட்காரச் சொல்லவில்லை.

"டீச்சர், நாங்க வழில போற எல்லாரையும் நைனான்னுதான் சொல்லுவோம்" என்றாள் தேவானை. "அது அப்பன் இல்ல டீச்சர். எவனோ."

"தெரியாத ஒரு ஆளை யாராவது அவ்வளவு சந்தோஷமா வா, உட்காருன்னு கூப்பிடுவாங்களா?"

"நாங்க கூப்புடுவோம்."

"நீங்க கூப்பிடுவீங்க. உங்க வீட்டுக்காரரைக் காப்பாத்த என்ன வேணா சொல்லுவீங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்மா, நானா இருந்தாலும் அதான் செய்வேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், சேட்டு இந்த வயசு வரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல. பெரிய பெரிய வீட்டுச் சாவிய என் கையில குடுத்துட்டுப் போவாங்க."

அவர் என்னைப் பார்த்தார். குரல் உயரவே இல்லை. "உங்க வண்டிதானே சார் அன்னிக்குக் கும்மிடிப்பூண்டிக்குப் போச்சு? உங்களையும் எழுதிக் கொடுத்திருக்கணும். பாவம்னு விட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது. தெருமுனை வரைக்கும் தேவானை ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் நான் அவளைக் கடை திறக்கச் சொன்னேன். மகள் காரியம் ஆனதிலிருந்து சட்டி ஏறவில்லை. வேண்டாம் என்றாள். "குந்திக்கினு சுவர பாத்தா சோறு வருமா? மாவ கலக்கு, எழுந்திரு" என்று அதட்டினேன். சொல்லிக்கொள்கிறேன், அன்றைக்கு அதட்டினது நான் செய்த நல்ல காரியம். என் கடை நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரபு கேஸ் சிலிண்டர் மாற்றிக்கொண்டு வரப் போயிருந்தான்.

சாயங்கால வெயில். கடற்கரையில் நல்ல கூட்டம். முதல் ஈடு எண்ணெயில் விழுந்ததும் அவள் கை தானாக ஓடியது, வாயும் தானாக ஓடியது. துக்கம் ஒரு பக்கம் இருக்கும், தொழில் ஒரு பக்கம் ஓடும்.

"ஓரமா நில்லு நைனா, எண்ண தெறிக்கப் போவுது" என்றாள். அது நாலு வயசுக் குழந்தை.

"இன்னா நைனா, தெனம் ஒன்னோட ரோதன. தள்ளித்தானே போட்டுகீறேன்" என்றாள். அது மாநகராட்சி ஆள்.

"ஏ நைனா, வாயக்காவா மொளகாவா, சட்டுனு சொல்லு." அது காலேஜ் பையன், கூட ஒரு பெண். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் எதேச்சையாக ரோட்டுப் பக்கம் பார்த்தேன். ஆந்திரா நம்பர் ஜீப் நின்றிருந்தது. ஜீப்பில் ஏட்டு இருந்தார். சுஹாஸ் இல்லை. திரும்பினால், கடைக்கு நாலடி தள்ளி சாதாச் சட்டையில் நிற்கிறார். பக்கத்தில் ஐவி டீச்சர், சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. பிரபு வீட்டில் இல்லையென்றால் இங்கேதான் இருப்பான் என்று, கடையைக் காட்ட டீச்சரை சுஹாஸ் அழைத்து வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார்களோ தெரியாது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். சுஹாஸ் கையைக் காட்டினார், பேசாமல் உட்கார் என்று.

அவர் கடைக்கு முன்னால் வந்தார். தேவானை கரண்டியால் பஜ்ஜியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு ஜோடி ஷூ வந்து நிற்பது மட்டும் தெரிந்திருக்கும். தலையைத் தூக்கவில்லை. காலால் ஸ்டூலைத் தள்ளிவிட்டாள்.

"வா நைனா, குந்து. சூடா தர்றேன்."

அதே குரல். அப்படியே. மகள் அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்ட இழுப்பு, அந்த 'வா'வில் ஒரு சிரிப்பு. போனில் கேட்டதற்கும் இதற்கும் வயசு ஒன்றுதான் வித்தியாசம். எனக்கே ஒரு கணம் செத்தவள் எழுந்து வந்த மாதிரி மயிர்க்கூச்செறிந்தது.

சுஹாஸ் உட்காரவில்லை. ஸ்டூலைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார், மாநகராட்சி ஆளைப் பார்த்தார். "எந்த மந்தி நாயனலம்மா நீக்கு?" என்றார். உனக்கு எத்தனை அப்பன்மார் அம்மா என்று அர்த்தம்.

தேவானை நிமிர்ந்தாள். யார் என்று தெரிந்ததும் கரண்டி கையோடு நின்றது. சட்டியில் பஜ்ஜி கருக ஆரம்பித்தது.

"சார், அவரு ஒண்ணும் பண்ணல சார்" என்றாள்.

பின்னால் ஐவி டீச்சர் மணலில் தடுமாறினார். நான் ஓடிப்போய் என் நாற்காலியைப் போட்டேன். உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"தண்ணி கேன்" என்றார்.

தண்ணீர் வேண்டுமோ என்று நான் பாட்டிலை நீட்டினேன். தட்டிவிட்டார்.

"எங்க வீட்டுக்குத் தண்ணி கேன் போடற ஆளு. வாசல்ல வந்து நின்னா இவ உள்ளேருந்து வா நைனா, உள்ள கொணாந்து வையிம்பா. நான் திட்டுவேன். என்னடி இது, மரியாதையா அண்ணான்னு சொல்லுன்னு. உங்கம்மா சொல்லிக் கொடுத்த பாஷை ஒண்ணு கூட உருப்படி இல்லைன்னுகூட சொன்னேன். சிரிப்பா. நைனான்னாலும் மரியாததான் அத்தேம்பா." டீச்சர் தேவானையைப் பார்த்தார். "மாதாவே, எப்படி எனக்கு ஞாபகம் வராமப் போச்சு? இதே மாதிரி... இதே மாதிரிதான் சொல்லுவா."

அந்த நேரம் பார்த்துப் பிரபு வந்து நின்றான், தோளில் சிலிண்டர். ஜீப்பை அவனும் பார்த்திருந்தான். ஓடவில்லை. சிலிண்டரை மெதுவாக மணலில் இறக்கி வைத்தான். "வர்றேன் சார்" என்றான். சட்டைப் பையில் இருந்ததை எல்லாம் எடுத்து தேவானையிடம் கொடுக்கப் போனான்.

ஏட்டு ஜீப்பை விட்டு இறங்கினார். தேவானை சட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து புருஷனுக்கு முன்னால் நின்றுகொண்டாள். கையில் இன்னும் எண்ணெய் சொட்டுகிற கரண்டி. அவள் ஒன்று சொன்னால் சுஹாஸ் ஒன்று சொல்வார், அதற்கப்புறம் என்ன ஆகும் என்று தெரியாது.

பேசினது ஐவி டீச்சர். "சார், நான் எழுதிக் கொடுத்ததை மாத்தி எழுதணும். இவ கூப்பிட்டது அப்பாவை இல்லை. இன்னிக்கே எழுதித் தரேன். இங்கேயே எழுதித் தரேன்."

"வெட்டுவேன்னு செப்பினது?"

"சொன்னாரு. கத்தினாரு. அவ்வளவுதான். என் மருமக வீட்டுக்கு வர்றவங்களை வான்னு சொல்றவ. அதுல வந்தவன் எவனோ."

சுஹாஸ் கெட்டவர் இல்லை, அதையும் எழுத வேண்டும். ஏட்டுவைக் கையசைத்துத் திருப்பி அனுப்பினார். தேவானையிடம், "அம்மா, அப்போ எவரு? ஆ நாயனா எவரு?" என்றார்.

அதுவரைக்கும் நாங்கள் எல்லோரும் அது பிரபு இல்லை என்று சொல்வதிலேயே இருந்தோம். அது யார் என்று ஒருத்தரும் நினைக்கவில்லை. இப்போதுதான் அது தேவானைக்கு உறைத்தது. கரண்டி கீழே விழுந்தது.

"ஐயோ, எம்பொண்ணு அவனுக்கு டீ போட்டு குட்துகீதே" என்றாள்.

மணலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். ஐவி டீச்சர் நாற்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்தார். பிடித்த கை எண்ணெயும் மாவுமாக இருந்தது. விடவில்லை. பஜ்ஜிக்கு நின்றிருந்த கூட்டம் மெதுவாகக் கலைந்தது. காலேஜ் பையன் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டுப் போனான்.

பிரபுவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. மறுபடி விசாரிக்கக் கூப்பிட்டார்கள், போனான், போன மாதிரியே வந்தான். ஏரிப் பக்கம் விறகு வெட்டுகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று எத்தனையோ பேரை விசாரித்தார்களாம். சுஹாஸுக்கு மாற்றல் ஆகிவிட்டது. புதிதாக வந்தவருக்கு முதலிலிருந்து எல்லாம் சொன்னேன், நன்றாகத்தான் கேட்டுக்கொண்டார். வழக்கு இன்னும் அப்படியே கிடக்கிறது. நான் விட மாட்டேன். ஷாமியானா தொழிலில் எத்தனை பேரை ஜெயித்தவன் நான். இதையும் பார்க்கிறேன்.

ஒரு நாள் கடையை எடுத்து வைக்கும்போது பிரபு தேவானையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "போலீஸ்காரன் திரும்பத் திரும்பச் சொன்னப்போ, என்னத்தான் கூப்ட்டுச்சின்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி புள்ள. இப்ப அதுவும் இல்லேன்னு ஆயிடுச்சி."

தேவானை சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "நீ போயிருந்தேன்னா உன்னத்தான்யா கூப்ட்டு குந்த வெச்சிருக்கும்."

அவன் மணலில் திரும்பி நின்றுகொண்டான்.

கடை தினமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஐவி டீச்சர் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறார். வாத்தியார் நறுக்கு, ஒவ்வொன்றும் ஒரே அளவு. தேவானை கேலி செய்வாள். வியாபாரம் குறையவில்லை. ஆனால் யாராவது கடைக்கு முன்னால் வந்து நின்றால், என் தங்கை கரண்டியை நிறுத்துகிறாள். நிமிர்கிறாள். முகத்தைப் பார்க்கிறாள், கையைப் பார்க்கிறாள், மறுபடி முகத்தைப் பார்க்கிறாள். அதற்கு அப்புறம்தான் என்ன வேண்டும் என்று கேட்கிறாள்.